பள்ளி முடித்து ஒரு வருடம் விட்டால் படிப்பு ஏறாதா?

உங்களுக்கு வயது 18. பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது. ஒரு வருடம் ஒதுங்கி இருந்துவிட்டுச் சேரலாமா என்று யோசிக்கிறீர்கள். "ஒரு வருஷம் விட்டா அப்புறம் படிப்பு ஏறாது" என்கிறார் அப்பா. "இதனால் என் எதிர்காலம் பாதிக்குமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். தம்பியா தங்கையா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தபோது, அதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதாகப் பட்டது. கல்லூரியும், நாளை வேலை கொடுப்பவரும் இந்த ஒரு வருடத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை: போனால் நான் திரும்பி வருவேனா? அப்பாவின் பயமும் அதுதான். படிப்பு ஏறாது என்று அவர் சொல்வதற்குள்ளே, நீ திரும்ப மாட்டாய் என்ற கவலை இருக்கிறது.

நான் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் 12 வருடம் வேலை பார்த்தவன். அதன்பின் 9 வருடமாக மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். ஒரு வருடம் தள்ளிச் சேர அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன். மனநல மருத்துவன் இல்லை. அதனால் உங்கள் எரிச்சலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் அடக்கியே வாசிப்பேன்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது, அதை முடித்துவிடலாம். கேப் இயர், அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வருட இடைவெளி, எடுத்தவர் என்பதற்காகக் கல்லூரிகள் யாரையும் தாழ்வாகப் பார்ப்பதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தன் அனுமதிக் கடிதத்திலேயே, விரும்பினால் ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று எழுதி வருகிறது. ஒபாமாவின் மூத்த மகள் மாலியா 2016ல் அங்கே இடம் வாங்கி, 2017ல்தான் போய்ச் சேர்ந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009லிருந்து, இடம் கிடைத்தவர்களில் சிலரை முதலாண்டு தொடங்கும் முன்பே 9 மாதம் வெளிநாட்டுத் தொண்டுப் பணிக்குத் தானே அனுப்பி வைக்கிறது. ஜெர்மனியில் இதற்குச் சட்டமே உண்டு. 1964லிருந்து, பள்ளி முடித்த இளைஞர்கள் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் ஒரு வருடம் சமூகப் பணி செய்யலாம். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் கிடைக்கும். நார்வேயில் தேர்வே இல்லாத, மதிப்பெண்ணே போடாத ஒரு வகைப் பள்ளி இருக்கிறது. அதில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தால் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளி கூடும். சிங்கப்பூரில் ஆண்கள் இரண்டு வருட தேசிய சேவையை முடித்துவிட்டுத்தான் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். அதுவரை அவர்களுடைய இடம் அப்படியே காத்திருக்கும்.

எல்லா அரசுகளும் இதை விரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி முடித்த இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் சராசரி மதிப்பெண்ணை 1.08ஆல் பெருக்கிக் கொடுக்கும் விதி ஒன்றை டென்மார்க் 2009ல் கொண்டுவந்தது. சீக்கிரம் படித்து முடித்து வேலைக்கு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். 2020 சேர்க்கையிலிருந்து அதைக் கைவிட்டார்கள். வேலை கொடுப்பவர்களைப் பொறுத்தவரை, முதல் வேலைக்கான நேர்காணலில் "அந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு இரண்டு வாக்கியத்தில் நேரான பதில் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது வேலைக்குப் போகும்போது அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த மாதிரிப் பெரிய பெயர்களை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் 2000ல் சிலி நாட்டில் ஒரு தொண்டு முகாமில் குந்தி உட்கார்ந்து கழிவறை தேய்க்கும் படம் உலகம் முழுக்க வந்தது. அடுத்த வருடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். அவர் திரும்பி வந்து படிப்பாரா என்று அரண்மனையில் யாரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். கேப் இயர் பற்றிய புகழுரைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், திரும்பும் வழி முன்பே போட்டு வைக்கப்பட்டவர்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஆய்வுகளை ஒழுங்காகப் படிக்க முடியும்.

ஏனென்றால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். ராபர்ட் போஸிக், ஸ்டெஃபனி டிலூகா என்ற இருவர் 2005ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேராமல் தள்ளிப்போட்டவர்கள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. உங்கள் அப்பா அதைப் படித்தால் வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். 2010ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மார்ட்டின் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. பள்ளியில் படிப்பு ஆர்வம் குறைவாக இருந்தவர்கள்தான் கேப் இயர் எடுக்க அதிகம் நினைக்கிறார்கள். ஆனால் எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்தவர்களிடம் அந்த ஆர்வம் கூடியிருக்கிறது. இதைப் படித்தால் நீங்கள் வெட்டி வைத்துக்கொள்வீர்கள்.

இரண்டுமே சரியாக இருக்க முடியும். எப்படி என்று பாருங்கள். முதல் ஆய்வு, சேராதவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டது. பணம் இல்லாமல் நின்றவர், வீட்டுச் சுமை விழுந்தவர், மதிப்பெண் குறைந்தவர், பள்ளி முடிந்ததும் குடும்பம் ஆகிவிட்டவர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். அவர்கள் ஓய்வெடுக்கப் போகவில்லை, வாழ்க்கை அவர்களைத் தள்ளிவிட்டது. ஆய்வாளர்கள் இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கழித்தும் பார்த்தார்கள். அப்படியும் ஒரு பின்னடைவு மிஞ்சியது. அந்த மிச்சம் இடைவெளியால் வந்ததா, கணக்கில் பிடிபடாத வேறு கஷ்டங்களால் வந்ததா என்பதைப் புள்ளிவிவரத்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டாவது ஆய்வில் இதற்கு நேர் எதிரான ஓட்டை இருக்கிறது. பல்கலைக்கழக வகுப்பறையில் போய் விசாரித்தால், திரும்பி வந்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். வராமல் போனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே கேப் இயர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் எந்த ஆய்வாலும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் இந்த இரண்டு கூட்டத்தில் எதில் இருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கையில் இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி தூரம் அதிலேயே தாண்டிவிட்டீர்கள்.

இப்போது அப்பாவின் வாக்கியத்துக்கு வருவோம். படித்தது மறந்துபோகும் என்பது உண்மை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே, தன்னைத்தானே சோதனை எலியாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து, இன்னொன்றையும் காட்டினார். முழுக்க மறந்துவிட்டதாகத் தோன்றுவதைக்கூட மறுபடி படிக்க முதல் தடவையை விடக் குறைவான நேரமே பிடிக்கிறது. கணிதத்தில் ஹாரி பாரிக்கும் லிண்டா ஹாலும் 1991ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் இயற்கணிதம் படித்தவர்களை 50 ஆண்டுகள் கழித்துவரை தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். அதற்கு மேல் நுண்கணிதம் வரை போனவர்களுக்கு அரை நூற்றாண்டு கழித்தும் இயற்கணிதம் பெரும்பாலும் நினைவில் இருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டவர்கள், அன்று எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், ஏறக்குறைய தொடக்கத்துக்கே வந்துவிட்டார்கள். நீண்ட காலம் திரும்பத் திரும்பக் கையாண்ட விஷயம் தங்குகிறது, தேர்வுக்கு முந்தின வாரம் திணித்தது தங்குவதில்லை.

உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது இவ்வளவுதான். நீங்கள் சேரப்போவது பொறியியல், இயற்பியல், கணிதம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகும் படிப்பாக இருந்தால், ஒரு வருட இடைவெளி முதல் பருவத்தில் நன்றாகவே உறைக்கும். சேருவதற்கு முந்தின 8 வாரம், தினம் ஒரு மணி நேரம் பழைய கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் அது தணிந்துவிடும். நான் பார்த்தவரை பலரும் வீடியோ பார்த்துத் தயாராகிவிட்டதாக நினைக்கிறார்கள். பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். பென்சிலை எடுத்துத் தாளில் போடும்போதுதான் எங்கே கை நிற்கிறது என்று தெரியும். வரலாறு, இலக்கியம், சட்டம் என்றால் இந்தக் கவலை அதில் கால்வாசிகூட வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவீடனில் 2008ல் வந்த ஒரு ஆய்வு, உயர்கல்வியை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவதால் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஏற்படும் வருமான இழப்பு, இன்றைய மதிப்பில், 40 வயதில் வாங்கும் ஓராண்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி என்று கணக்கிட்டது. காரணம் எளிது: பட்டதாரியாக வேலை பார்க்கும் வருடங்கள் குறைகின்றன, அனுபவம் பிந்திச் சேர்கிறது. உங்கள் ஒரு வருடத்துக்கு அது இன்னும் குறைவாக இருக்கும். இழப்பே இல்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதே சமயம், பிடிக்காமல் சேர்ந்து ஒன்றரை வருடம் கட்டணம் கட்டிவிட்டு நடுவில் விட்டுவிட்டு வருவதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

இனி நடைமுறை. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஏனென்றால் இதுதான் என் வேலையாக இருந்தது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் போகாதீர்கள். இடத்தை ஏற்றுக்கொண்டு, ஒரு வருடம் தள்ளிச் சேர அனுமதி கேளுங்கள். டிஃபரல் என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கலாம்" என்று சொன்ன ஊழியர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். அந்தக் கடிதம் வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள்: இடைப்பட்ட வருடத்தில் வேறு கல்லூரியில் பட்டப்படிப்பில் சேரக்கூடாது என்று இருக்கிறதா (பல இடங்களில் இருக்கும்), உதவித்தொகை உங்களோடு அடுத்த வருடத்துக்கு வருகிறதா, இல்லை இந்த வருடத்தோடு போய்விடுகிறதா, கட்டிய முன்பணம் செல்லுமா, மறுபடி உறுதிசெய்ய வேண்டிய கடைசித் தேதி எது. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தால் அதன் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். பள்ளியில் இருக்கும்போதே எழுதியவர்களுக்கு இடைவெளிக்குள் அது காலாவதியாகிவிடலாம். பெரிய கல்லூரிகளே தள்ளிவைப்பு என்றால் சும்மா கொடுத்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2020ல் கொரோனா காரணமாக ஹார்வர்டில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் ஒரு வருடம் தள்ளிப்போனார்கள். அடுத்த வருடம் அவர்களையும் சேர்த்து, வகுப்பு வழக்கத்தை விடப் பெரிதாகிவிட்டது. ஒரு இடத்தைக் காலியாக வைத்திருப்பது கல்லூரிக்குச் செலவு.

கடைசித் தேதியை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பையன் வந்தான், நல்ல மதிப்பெண், முறையாக அனுமதி வாங்கினான். கொஞ்சம் ஓய்வு, அப்புறம் ஒரு மொழி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். ஓய்வு நீண்டது. இரவெல்லாம் விழித்திருந்து மதியம் ஒரு மணிக்கு எழுவது பழக்கமாகிவிட்டது என்று பின்னால் அவனே சொன்னான். மார்ச் 1க்குள் உறுதிசெய்யச் சொல்லி நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் அவன் பள்ளிக்காலத்து முகவரிக்குப் போய்க் கிடந்தது. மார்ச் 19ஆம் தேதி பார்த்திருக்கிறான். மறுநாள் அம்மாவோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். இடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. இடம் ரத்தாகிவிட்டது என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். விதிப்படி சரிதான், ஆனால் அதன்பிறகு மின்னஞ்சலோடு ஒரு தபாலும் ஒரு தொலைபேசி அழைப்பும் கட்டாயம் என்று எங்கள் பிரிவில் மாற்றிக்கொண்டோம். உங்கள் கல்லூரி அப்படிச் செய்யும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். தேதியை நீங்களும் எழுதி வையுங்கள், அப்பாவிடமும் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு பெண். அவளும் உங்களைப் போலத்தான், படிப்பே வெறுத்துவிட்டது என்றுதான் வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தாள். திரும்பி வந்த நாளில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள், சட்டைப் பையில் வைத்து ஓரமெல்லாம் மடங்கிப் போனது. ஒரு நாளைக்கு ஒரு வரி. "7ஆம் அறை ஐயா இன்று என் பெயரைச் சொன்னார்" என்று ஒரு வரி. "படுக்கையில் இருப்பவரைத் திருப்பும்போது முதலில் முழங்காலை மடக்க வேண்டும்" என்று ஒரு வரி. நடுவில் இரண்டு வாரம் வெறுமையாக இருந்தது. கேட்டேன். அந்த 7ஆம் அறை ஐயா இறந்துபோன பிறகு எழுத மனம் வரவில்லை என்றாள். அந்த வேலை அவளைப் பெரிய ஆளாக மாற்றிவிட்டது என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். முதல் பருவத்தில் புள்ளியியல் பாடத்தில் தோற்றாள், மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் காலை ஆறு மணிக்கு யாரோ தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வருடம் எழுந்து போனவளுக்கு, ஒன்பது மணி வகுப்பு பெரிய விஷயமாக இல்லை.

இதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், அந்த வருடத்தில் என்ன செய்யப்போகிறாய் என்பதை விட, நீ வரவில்லை என்றால் அன்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறேன். வேலையோ தொண்டோ தொழில் பழகுவதோ எதுவானாலும், நீங்கள் போகாவிட்டால் யாராவது தொலைபேசியில் கூப்பிட வேண்டும். தனியாக அறையில் உட்கார்ந்து ஆன்லைன் பாடம் படிப்பது இதில் தேறாது. அதை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. பயணம் நல்லதுதான், ஆனால் அதற்குப் பணம் வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் அதுவும் வெறும் நகர்வாகிவிடும். முதல் ஒன்றரை மாதம் ஒன்றும் செய்யாமல் தூங்குங்கள், அதைத் தப்பாக நினைக்க மாட்டேன். 12 வருடம் மணியடித்து எழுந்தவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் போனால்தான் ஆபத்து.

உங்கள் எரிச்சலைப் பற்றி. தேர்வு முடிந்த கையோடு புத்தகம் பிடிக்காமல் போவது வெகு சாதாரணம். அதற்கு ஒரு விடுமுறையே போதும். ஆனால் முன்பு பிடித்த விளையாட்டு, நண்பர்கள், பாட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது படிப்பைப் பற்றிய விஷயமே இல்லை. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும், கேப் இயர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். மருந்து வேண்டிய இடத்தில் ஒரு வருடத் தனிமையைக் கொடுத்தால் நிலைமை மோசமாகவே ஆகும். நீங்கள் எழுதிய நான்கு வரியை வைத்து இதில் எது உங்களுடையது என்று நான் சொல்வது முறையாகாது. உங்களுக்கே தெரியும், அல்லது வீட்டில் உங்களோடு தினம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்பாவிடம் பேசும்போது மேலே சொன்ன ஆய்வுகளை எடுத்து வாதாடாதீர்கள். அவரிடமும் ஒன்று இருக்கிறது என்று முன்பே சொன்னேன். தள்ளிவைப்புக் கடிதம், சேரப்போகும் வேலையின் பெயர், உறுதிசெய்யும் தேதி, இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். மூன்றில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால், அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது, இந்த வருடமே சேர்ந்துவிடுங்கள். முதலாண்டு முடித்த பிறகு ஒரு பருவம் விடுப்பு எடுக்கும் வசதியும் பல கல்லூரிகளில் உண்டு.

உங்கள் சேர்க்கைக் கடிதத்தை எடுத்து, சேர வேண்டிய தேதிக்குக் கீழே இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். தள்ளிச் சேருவது பற்றி அதில் ஒரு பத்தி இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒன்றுமே இல்லை என்றால் நாளைக் காலையே சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். பணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்பே அவர்களுடைய பதில் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.